சலிக்காத மாவின் சரித்திரம்

நாமகிரிப்பேட்டை என்ற பெயர் காதில் விழுந்ததும் இசையன்பர்களுக்கு நாதசுர மேதை கிருஷ்ணன் நினைவுக்கு வருவார். வணிகர்களுக்கு மஞ்சள் மண்டி நினைவுக்கு வரும். ரொட்டியை நினைப்பார் எவருமிலர். இராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், போதமலையும் கொல்லிமலையும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்க, களியும் கம்பங்கூழும் சாமைச் சோறும் உண்டு வளர்ந்த பூமி அது. காட்டில் மஞ்சளுக்கு அடுத்தபடி மரவள்ளி. உலகப் போரினால் கடல் வழி வரத்துகள் அற்றுப்போன 1940களில் சேலத்தில் குடிசைத் தொழிலாய்த் தொடங்கிய ஜவ்வரிசி உற்பத்தி, பிற்காலத்தில் இவ்வட்டாரமெங்கும் ஆலைகளாய்ப் பரவிற்று. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது இவ்வூர். அந்த நாமக்கல்லோ முட்டைக்குப் பேர்போனது. கோதுமை விளையாத, முட்டை மலிந்த இந்த மண்ணில், முட்டையும் பாலும் நெய்யும் சேராத முழுக்கோதுமை ரொட்டி ஒரு வீட்டில் வாரம் மும்முறை வேகிறது என்றால், அதன் பின்னே ஒரு வரலாறு இருத்தல் வேண்டும் அல்லவா?

அந்த வீடு என் மகளின் வீடு. அவளுடைய இளைய மகனுக்குப் பாலும் முட்டையும் ஒவ்வா. கைக்குழந்தையாய் இருந்தபோதே தெரிந்துவிட்ட செய்திதான்; ஆயினும் அதன் கடுமையை நாங்கள் உணர்ந்தது ஒரு ரமளான் மாலையில். நோன்பு திறக்கும் நேரத்தில், ஒரு கடையில் வாங்கி வந்திருந்த பன்னில் ஒரு துண்டை எவரோ அன்போடு அவன் கையில் கொடுத்துவிட்டனர். கால் மணி நேரத்திற்குள் உடலெங்கும் தடிப்பு எழுந்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கிற்று. கஞ்சிக் கிண்ணங்கள் அப்படியே கிடக்க, காரில் சேலத்து மருத்துவமனைக்கு ஓடினோம். பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். பன்னின் மேற்புறப் பளபளப்புக்கு முட்டை பூசுவதும், மாவில் பால்பொடி கலப்பதும் பேக்கரிகளில் பரவலான வழக்கம் என்பதைப் பிறகுதான் விசாரித்து அறிந்தோம். அதன்பின் மூன்றாண்டுக் காலம், மற்றப் பிள்ளைகள் ரொட்டி தின்னும்போது அவன் வெறுங்கையோடு அமர்ந்திருந்தான். வளைகுடா நாட்டில் பணிபுரிந்து திரும்பிய என் மருமகன், ரொட்டி சுடும் மின்பெட்டி ஒன்றைச் சுமந்து வந்ததற்குக் காரணம் அதுவே. நாகரிக மோகம் அன்று.

அந்தப் பெட்டி வந்த நாள் முதல் ரொட்டியைப் பற்றிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க, இந்த எளிய பண்டம் எத்தனை துறைமுகங்களைக் கடந்து நம் வாசலுக்கு வந்திருக்கிறது என்பது வியப்பளித்தது. ‘ரொட்டி’ என்பது வடபுலத்திலிருந்து வந்த சொல். ‘பன்’ ஆங்கிலேயர் விட்டுச் சென்றது. இலங்கைத் தமிழர் ‘பாண்’ என்பர். அது போர்த்துக்கீசியர் கொடுத்த பெயர். வளைகுடாவிலிருந்து திரும்பும் நம் பிள்ளைகள் ‘குப்பூஸ்’ என்கிறார்களே, அது அரபு மொழியின் ‘குப்ஸ்’. ஒரு பண்டத்திற்கு நான்கு பெயர், நான்கும் இரவல்.

பொங்கச் செய்யும் பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கோவாவில் போர்த்துக்கீசியர் ரொட்டி சுட முற்பட்டபோது மாவைப் புளிக்க வைக்கக் கள்ளையே பயன்படுத்தினர். இலங்கையிலும் அவ்வழக்கம் இருந்தது. என் பாட்டியார் கடை ரொட்டியைக் கையால் தொடமாட்டார். “அது கள்ளுப் பண்டம்” என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார். அவர் சொன்னது முற்றிலும் கற்பனை அன்று என்பதை இன்று அறிகிறேன். நொதித்தல் என்பது உயிருள்ள நுண்பொருளின் வேலை என்று பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர் 1857 முதல் ஆய்ந்து நிறுவிய பின்னர், அந்த ஈஸ்டைத் தனியே வளர்த்து விற்கும் தொழில் மேனாடுகளில் ஓங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்காக உலர் ஈஸ்ட் பெருமளவில் செய்யப்பட்டது. இன்று சிறு பொட்டலத்தில் கடுகு போல் உதிர்ந்து விழுகிறதே, அதன் முன்னோர் அந்தப் போர்க்கால ஈஸ்ட்தான். கள் இல்லாமலே மாவு பொங்கும் என்பதைப் பாட்டியார் இருந்து பார்த்திருக்கலாம். புளிக்க வைப்பது நமக்குப் புதிதும் அன்று. இட்லி மாவு இரவில் பொங்கி வழிவதைப் பாராத தமிழ் வீடு எது?

இனி மாவுக்கு வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மாவு சலிக்கும் சல்லடை உண்டா என்று பிற்காலத்தார் ஒருவர் கேட்க, தோழர் ஸஹ்லு இப்னு ஸஅத் (ரலி) அவர்கள், இல்லை என்றும், வாற்கோதுமையை அரைத்து ஊதுவோம், பறப்பது பறந்துவிடும், எஞ்சியதைப் பிசைந்து உண்போம் என்றும் விடையளித்த செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. நம்மில் பலரும் இதனை எளிமைக்குச் சான்றாக எடுத்துரைப்போம். தவிட்டோடு கூடிய ரொட்டிக்குச் சான்றாகவும் கொள்ளலாம். மூன்று நூற்றாண்டுகள் கழிந்து பக்தாத் செல்வச் செழிப்பில் மிதந்தபோது காட்சி மாறிவிட்டது. பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் தவிடு நீக்கிய வெண்மாவுக்கு ‘ஹுவ்வாரா’ என்றும், தவிட்டோடு கூடிய மாவுக்கு ‘குஷ்கார்’ என்றும் தனித்தனிப் பெயர் காணப்படுகின்றது. வெண்மையை மேன்மையாகக் கருதும் பழக்கம் பழையது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

பாலும் முட்டையும் நீக்கிய உணவுக்கு இன்று ‘வீகன்’ என்று பெயர். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர்தம் தோழர்களும் சங்கம் அமைத்தபோது பிறந்த சொல் அது. தமிழில் ‘நனிசைவம்’ என்பாரும் உளர். சொல் புதிதே தவிர வழக்கம் புதிதன்று. சிரியா நாட்டு மஅர்ரா என்னும் ஊரில் 973இல் பிறந்து, இளமையிலேயே கண்ணொளி இழந்து, 1057இல் மறைந்த மாபெரும் அரபுக் கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரி, தம் வாழ்நாளின் பிற்பாதி முழுவதும் ஊன், பால், முட்டை, தேன் யாவற்றையும் விலக்கியே வாழ்ந்தார். இறைவன் ஆகுமாக்கியவற்றை ஏன் விலக்குகிறீர் என்று பாத்திமிய ஆட்சியின் தலைமைப் பிரசாரகர் அல்முஅய்யத் கடிதம் எழுதிக் கேட்டதும், கவிஞர் பணிவோடு பதில் விடுத்ததும் இலக்கிய வரலாற்றில் சுவையான பகுதி. அந்த வாதத்தில் எவர் பக்கம் நிற்பது என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன். என் பேரன் எந்தக் கொள்கைக்காகவும் பாலை விடவில்லை. ஆயினும், இத்தகைய உணவை ‘வெள்ளைக்காரன் கண்டுபிடித்த விநோதம்’ என்று நம் உறவினர் சிலர் நகைத்தபோது, மஅர்ராவின் அந்தக் கவிஞரைச் சொல்லித்தான் அவர்கள் வாயை அடைத்தேன்.

கல் திருகையில் அரைத்தவரை தவிட்டை முற்றாக நீக்குவது பெரும்பாடு. ஆகவே வெள்ளை ரொட்டி செல்வர்க்கே உரியதாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எஃகு உருளை ஆலைகள் பரவியதும் தவிடும் முளையும் எளிதில் பிரிந்தன. ஏழைக்கும் வெண்மாவு கிட்டிற்று. மாவில் இருந்த சத்து மாட்டுத் தீவனத்திற்குப் போயிற்று. இதன் விளைவை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நம் நீலகிரியில் இருந்து பணிபுரிந்தார் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. குன்னூரில் ஆய்வுக்கூடம் நடத்திய இராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடை நின்றன. சென்னை மாகாணத்து உணவை உண்டவை 155 கிராமே நின்றன. ஏழு வகை உணவுகளுள் நம்முடையதே கடைசி! அவர் தொடங்கிய ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

இந்த ஆய்வைக் காட்டி முழுக்கோதுமையைப் போற்றுவோர் மிகப் பலர். ஆனால் அவர்கள் ஒன்றை மறைத்து விடுகிறார்கள். சீக்கியர் உணவில் தவிட்டோடு கூடிய சப்பாத்தி மட்டும் இல்லை. பாலும் வெண்ணெயும் பருப்பும் பச்சைக் காய்கறியும் இருந்தன. நம் உணவிலோ தீட்டிய அரிசி. எலிகளைக் கொழுக்க வைத்த புகழ் முழுவதையும் கோதுமைக்கே சூட்டுவது நியாயமாகாது. பால் உண்ண இயலாத பிள்ளைக்கு முழுக்கோதுமை ரொட்டி பாலின் இடத்தை நிரப்பிவிடும் என்று எண்ணுவது அதனினும் பிழை. மருத்துவர் அறிவுரைப்படி, சுண்ணாம்புச் சத்துக்கு என் மகள் நாடியது இந்த மண்ணின் பழைய கேழ்வரகையும் கீரையையும்தான். ரொட்டி வந்ததனால் களி அந்த வீட்டை விட்டு வெளியேறவில்லை.

தமிழகத்துச் சமவெளிப் பிள்ளைகள் கோதுமையை அறிந்த வழியும் கவனிக்கத் தக்கது. 1956இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி கப்பல் கப்பலாய்க் கோதுமை வந்து இறங்கிற்று. 1961இல் பள்ளி மதிய உணவுக்குக் ‘கேர்’ நிறுவனத்தின் உதவி கிடைத்ததும், கோதுமை ரவை உப்புமாவின் மணம் கிராமப் பள்ளிகளில் வீசலாயிற்று. என் தலைமுறையினர் பலருக்கு நாவில் பட்ட முதல் கோதுமை அதுவே. 1965இல் மைய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. மெழுகுத்தாள் சுற்றிய துண்டு ரொட்டி நடுத்தரக் குடும்பத்தின் மேசைக்கு வந்தது. 2000இல் அந்நிறுவனம் தனியார் கைக்கு மாறிற்று. எனினும், ரொட்டி நம்மவர் மனத்தில் நோயாளியின் உணவாகவே நெடுங்காலம் இருந்தது. காய்ச்சல் கண்டவருக்குப் பாலில் நனைத்த ரொட்டி. காய்ச்சல் விட்டதும் சோறு. மைதாவோ ரொட்டி வழியாக வந்ததைவிடப் பரோட்டா வழியாகவே ஊரை வென்றது.

ஆனால் கடல் கடந்த தமிழ் முஸ்லிம்களின் கதை வேறு. பினாங்குத் தீவில் ‘ரொட்டி பெங்காலி’ என்று ஒரு ரொட்டி புகழ்பெற்றது. வங்காளத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பர். 1920களின் இறுதியில் தமிழகத்திலிருந்து சென்ற முஸ்லிம் ஒருவர் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பிரிட்டிஷ் மலாயா பேக்கரியில் பிறந்த ரொட்டி அது. கூட்டாக முதலிட்டு இலாபத்தைப் பங்கிட்டுக்கொண்ட ‘பங்காளி’களின் ரொட்டி என்பதே மலாய் மக்கள் நாவில் ‘பெங்காலி’ என்று திரிந்தது எனப் பெயர்க்காரணம் கூறுவர். சொத்துத் தகராறுக்கே நாம் பெரிதும் பயன்படுத்தும் ‘பங்காளி’ என்ற சொல், அயல்நாட்டில் ஒரு ரொட்டிக்குப் பெயராய் நின்று, காலைதோறும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வீடு வீடாகச் சென்றது எண்ணி மகிழத் தக்கதே.

இரவு முழுவதும் மாவைப் பிசைந்தவர்களின் கைகளை வரலாறு அதிகம் பேசுவதில்லை. ரொட்டித் தொழிலில் மிகக் கடினமானது பிசைதலே. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, பின்னர் பாஸ்டன் பகுதியில் உணவு விடுதி நடத்திய ஜோசஃப் லீ என்னும் கறுப்பினத்தவர், மாவு பிசையும் இயந்திரம் ஒன்றை ஆக்கி 1894இல் காப்புரிமை பெற்றார். அது பெரிய அடுக்களைகளுக்கானது. வீட்டுக்கென ஒரு சிறு பெட்டி உருவாக மேலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஜப்பானின் மத்சுஷிதா மின் நிறுவனம் 1980களில் அதில் இறங்கியபோது, பெட்டி சுட்ட ரொட்டி மேலே கருகியும் உள்ளே வேகாமலும் வந்தது. தேர்ந்த ரொட்டிக் கலைஞர் பிசைந்த மாவையும் இயந்திரம் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே படம் எடுத்தும் ஒப்பிட்டுப் பார்த்தனர்; புதிர் விடுபடவில்லை. இகுகோ தனகா என்னும் பெண்மணி, ஒசாகா இன்டர்நேஷனல் ஓட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் மாணவியாய்ச் சேர்ந்தார். அவர் மாவை வெறுமனே இழுக்கவில்லை, முறுக்கி இழுக்கிறார் என்பதைத் தனகா கண்டுகொண்டார். அதன்பின் பாத்திரத்தின் உட்சுவரில் வரம்புகள் அமைத்து, அந்த முறுக்கலை இயந்திரத்திற்குக் கற்பித்தனர். 1987இல் பெட்டி விற்பனைக்கு வந்தது. பிற நாட்டு நிறுவனங்கள் பலவும் பின்தொடர்ந்தன.

பெட்டி என்கிறேனே, அதன் அமைப்பு எளிது. அடியில் சுழலும் சிறு துடுப்போடு ஒரு வாளி. வாளியைச் சுற்றி வெப்பக் கம்பி. எப்போது பிசைவது, எவ்வளவு நேரம் ஓய்வு கொடுப்பது, எப்போது சுடுவது என்பதைக் கணக்கிட ஒரு சிறு மின்மூளை. ‘வீட்டுக்குள் இயந்திரம் எதற்கு?’ என்று ஒரு பெரியவர் முகம் சுளித்தார். நம் பாட்டிமார் மாவரைத்த கல் திருகைக்கே ‘ஏந்திரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று.

முதல் ரொட்டி செங்கல்லாய் வந்தது. காரணம், நல்லதைக் கொடுக்கவேண்டும் என்ற ஆர்வத்தில் என் மகள் சம்பா கோதுமையை அரைத்து வந்திருந்தாள். சம்பா கோதுமை பழமையான தனி இனம். ரவைக்கும் கஞ்சிக்கும் நிகரற்றது. ஆனால் மாவை இழுத்துப் பிடித்துக் காற்றைச் சிறைப்படுத்தும் பசைத்தன்மை அதில் வலுவாக இல்லை. இரண்டாம் முறை சாதாரணப் பஞ்சாப் கோதுமையை மில்லில் கொடுத்தாள். நமக்கு முன் எவரோ மிளகாய் அரைத்துச் சென்றிருக்க, ரொட்டி காரமாக வந்தது! அதற்குப் பின் மில்காரரிடம் சொல்லி, காலையில் முதல் ஆளாகச் சென்று அரைத்து வரும் வழக்கம் ஏற்பட்டது. தவிட்டுத் துணுக்குகள் கூர்மையானவை. பசை இழைகளை அறுத்துவிடும். அவற்றை நனைத்து மென்மையாக்கத் தண்ணீர் சற்று மிகுதியாக வேண்டும், பிசையுமுன் அரைமணி நேர ஊறலும் வேண்டும். இவை அடிபட்டுத் தெரிந்துகொண்டவை.

இப்போது நிலைபெற்றுவிட்ட அளவு இது: சலிக்காத மாவு அரைக் கிலோ, தண்ணீர் 360 மில்லி, மாவு இறுகினால் மேலும் இரண்டு கரண்டி, நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை அதே அளவு, உப்பும் உலர் ஈஸ்டும் ஒன்றரைத் தேக்கரண்டி வீதம். வாளியில் முதலில் நீர், எண்ணெய், சர்க்கரை, உப்பு, அவற்றின்மேல் மாவு, மாவின் நடுவே சிறு குழி பறித்து அதில் ஈஸ்ட். உப்பும் ஈரமும் முன்கூட்டியே ஈஸ்டைத் தீண்டாதிருக்கவே இந்த ஏற்பாடு. முழுக்கோதுமைக்கென உள்ள பொத்தானை அழுத்தினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் ரொட்டி தயார். சித்திரை வைகாசி வெயிலில் மாவு அளவுக்கு மீறிப் பொங்கி, சுடுமுன்னரே சரிந்துவிடும். ஆகவே கோடையில் மண்பானைத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஜப்பானிய நிபுணர்களுக்கும் இதே வெப்பத் தொல்லை வந்ததாம். ஈஸ்டைத் தொடக்கத்தில் சேர்க்காமல் இடையில் விழச் செய்து அவர்கள் சமாளித்தார்கள். பானைத் தண்ணீர் அவர்கள் ஊரில் இல்லை போலும். மின்சாரம் இடையில் நின்றுவிட்டால் எல்லாம் வீண். 2012இல் நாம் கண்ட மின்வெட்டு நாட்களாயிருப்பின் இந்தப் பெட்டி பரணில்தான் கிடந்திருக்கும்.

கடை ரொட்டியின் பஞ்சுத் தன்மை இதற்கு இல்லை. கனமானது, மறுநாளே சற்று இறுகிவிடும். ‘பிரவுன் பிரெட்’ என்ற பெயரில் மைதாவுக்குச் சர்க்கரைக் கருக்கலால் நிறமேற்றி விற்பதை உண்டு பழகியவர்களுக்கு முதல் நாள் இது பிடிக்காது. பெட்டியின் விலையும் எல்லோருக்கும் எட்டுவதன்று; குக்கரிலோ, மண் மூடிய பழைய அடுப்பிலோ இதே மாவைச் சுடுவாரும் உளர், கைவலி ஒன்றே கூடுதல். கோதுமையே ஒவ்வாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நஞ்சு. ஒவ்வாமை உள்ள வீட்டில் எதையும் மருத்துவரைக் கேளாமல் தொடங்க வேண்டாம்.

சென்ற ரமளானில் நான் அங்கே சென்றிருந்தேன். அஸர் தொழுகைக்கு முன்பே பெட்டி மும்முறை ஒலித்து ஓய்ந்திருந்தது. ஆறிய ரொட்டியை என் மகள் துண்டமிட்டாள். துடுப்பு சிக்கிக்கொண்டிருந்த இடத்தில் அடிப்புறம் ஒரு துளை விழுந்திருக்கும். அந்தத் துண்டுக்கு அழகில்லை என்று பெரியவர்கள் ஒதுக்குவார்கள். பேரன் அதைத்தான் தனக்கென்று முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறான். பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம் ஒன்றை வாயிலிட்டுக்கொண்டு, அந்தத் துளையில் விரலை நுழைத்து மோதிரம்போல் சுழற்றியபடி, அவன் தன் துண்டில் பாதியைப் பிய்த்துப் பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டினான்.